தெருவோரச் சருகும் ஊருணியின் பச்சையும்

போன புரட்டாசியில் ஒரு நாள், தெருமுனையில் நிற்கும் நாட்டு வாதாம் மரத்தடியிலிருந்து நான்கு சருகுகளைப் பொறுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பாம்பன், மண்டபம், கீழக்கரை என்று ராமநாதபுரம் கரையில் எந்த ஊருக்குப் போனாலும் பள்ளிக்கூட வாசலிலோ பள்ளிவாசல் ஓரத்திலோ குடை விரித்தாற்போல் நிற்குமே, அதே மரம். இரண்டு சருகுகளை அப்படியே சுருட்டி ஒரு கண்ணாடிப் பாட்டிலில் போட்டேன். மற்ற இரண்டையும் உள்ளங்கையில் வைத்து நொறுக்கி இன்னொரு பாட்டிலில் போட்டேன். இரண்டிலும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றி சமையலறை ஜன்னல் திட்டில் வைத்தேன்.

அரைமணி நேரத்தில் நொறுங்கிய சருகு கிடந்த பாட்டிலில் நீர் வெளிர்மஞ்சளானது. இரவு படுக்கப் போகும்போது அது பால் விடாத தேநீரின் நிறத்தில் இருந்தது. முழுச் சருகு கிடந்த பாட்டிலும் அதே வழியில்தான் போனது, ஆனால் அந்த நிறத்தை எட்ட அதற்கு மறுநாள் காலை ஆகிவிட்டது. மூன்றாம் நாள் மூடியைத் திறந்தபோது இரண்டிலுமே வாறுகால் வாடை, தெருவோரச் சாக்கடையின் வாடை.

நகரத்து மழைநீரை இலைதழை எப்படிக் கெடுக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் இந்தப் பாட்டில்களைத்தான் காட்டுவேன். தெருவில் விழுந்த இலை மழைநீரில் ஊறுகிறது. ஊறும்போது தன்னிடம் உள்ளதை நீருக்கு விட்டுக்கொடுக்கிறது. அந்த நீர் வாறுகால் வழியாக ஊருணிக்கோ கண்மாய்க்கோ கடலுக்கோ போய்ச் சேர்கிறது.

கண்ணுக்குத் தெரிந்த பழுப்பு நிறத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது இலையில் உள்ள துவர்ப்புச் சாயம். வீட்டுத் தொட்டியில் மீன் வளர்ப்பவர்கள் சிலர் வேண்டுமென்றே வாதாம் இலையைப் போட்டு வைப்பார்கள், மீனுக்கு நல்லது என்று. கவலைப்பட வேண்டியது அந்தச் சாயத்தோடு சேர்ந்து, நிறமே இல்லாமல் நீரில் இறங்கும் இரண்டு சத்துகளைப் பற்றித்தான்.

உர மூட்டையில் இருப்பது இலையிலும் இருக்கிறது

நைட்ரஜனுக்குத் தழைச்சத்து, பாஸ்பரசுக்கு மணிச்சத்து என்று உழவர்களுக்குப் பழகிய பெயர்கள் உண்டு. பயிர் தழைக்க உதவுவது தழைச்சத்து. கதிரில் மணி பிடிக்க உதவுவது மணிச்சத்து. டி.ஏ.பி. உர மூட்டையின் மேல் 18-46-0 என்று அச்சிட்டிருப்பதில் முதல் எண் தழைச்சத்தையும் இரண்டாவது எண் மணிச்சத்தையும் குறிக்கும். இதே இரண்டும்தான் இலையிலும் இருக்கின்றன. நாற்று நடுவதற்கு முன் வேப்பந்தழையையும் புங்கந்தழையையும் வெட்டிவந்து சேற்றில் மிதித்த தலைமுறைக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. இலை உரம் என்பது நமக்குப் பழைய செய்தி. அந்த உரம் வயலுக்குப் போகாமல் வாறுகாலுக்குப் போனால் என்ன ஆகும் என்பதுதான் நாம் போதுமான அளவு பேசாத செய்தி.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். காய்ந்த இலையின் எடையில் ஏறத்தாழ நூற்றில் ஒன்றிலிருந்து இரண்டு பங்கு வரை தழைச்சத்து இருக்கும். மணிச்சத்து அதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். மரத்துக்கு மரம் இது மாறும். குறைந்த கணக்காகவே ஒரு கிலோ சருகில் 1 கிராம் மணிச்சத்து என்று வைத்துக்கொள்வோம். நன்னீர் நிலைகளில் ஒரு லிட்டருக்கு 0.03 மில்லிகிராம் மணிச்சத்தைத் தாண்டினால் பாசி பெருகும் நிலை வந்துவிட்டது என்று ஆய்வாளர்கள் பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியானால் அந்த 1 கிராம், சுமார் 33,000 லிட்டர் நீரை அந்த எல்லைக்குக் கொண்டுபோகப் போதும். குடம் ஒன்றுக்கு 15 லிட்டர் என்றால் 2,200 குடம். எங்கள் பக்கத்துப் பெண்கள் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கித் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். வண்டிக்கு எட்டுக் குடம் என்றால் 275 நடை. அத்தனை நடைத் தண்ணீரையும் பாசிக்குப் பக்குவமாக்க ஒரு கிலோ சருகில் உள்ள சத்து போதும்.

இலையில் உள்ள எல்லாமே ஒரே மழையில் கரைந்துவிடாது என்பது உண்மை. மணிச்சத்து வேகமாக இறங்கும். ஊறத் தொடங்கிய சில மணி நேரத்திலிருந்து சில நாட்களுக்குள் அதில் கணிசமான பகுதி வெளியே வந்துவிடுகிறது. தழைச்சத்து மெதுவானது. இலையின் உடலோடு கட்டுண்டு கிடப்பதால், நுண்ணுயிர்கள் தின்று செரித்த பிறகே அதில் பெரும்பகுதி நீருக்குக் கிடைக்கும்.

இவ்வளவு சிறிய அளவுக்கு நீர்நிலை ஏன் இப்படி ஆட்டம் காண்கிறது? வீடு கட்டுமிடத்தில் செங்கல்லும் மணலும் மலைபோல் குவிந்து கிடக்கலாம். சிமெண்ட் எவ்வளவு வந்ததோ அவ்வளவு உயரத்துக்குத்தான் சுவர் எழும். பாசிக்கு மணிச்சத்துதான் சிமெண்ட். கடலில் மிதக்கும் நுண்பாசிகளின் உடலில் 106 பங்கு கரிக்கு (கார்பன்) 16 பங்கு தழைச்சத்தும் 1 பங்கு மணிச்சத்தும் இருப்பதை ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்ட் என்ற அமெரிக்க அறிவியலாளர் 1930களில் தொடங்கிய தம் ஆய்வுகளின் வழியே எடுத்துக்காட்டினார். மிகக் குறைவாகத் தேவைப்படும் பொருள்தான், ஆனால் நன்னீரில் அதுவே பெரும்பாலும் கிடைக்காமல் இருக்கும்.

இதைக் கண்ணால் பார்க்கும்படி 1973இல் கனடாவில் ஒரு சோதனை செய்தார்கள். 226 என்று எண்ணிட்ட ஓர் ஏரியின் குறுக்கே திரை கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கரிக்காகச் சர்க்கரையும் தழைச்சத்துக்காக நைட்ரேட்டும் கலந்தார்கள். மறு பாதியில் இவற்றோடு மணிச்சத்துக்காகப் பாஸ்பேட்டையும் கலந்தார்கள். பாஸ்பேட் கலந்த பாதி மட்டும் பச்சைப் பசேலென்று ஆனது. வானிலிருந்து எடுத்த அந்த ஏரியின் படம் இன்றும் உலகமெங்கும் வகுப்பறைகளில் காட்டப்படுகிறது. கடலில் கதை கொஞ்சம் வேறு. அங்கே பெரும்பாலும் தழைச்சத்துதான் தட்டுப்பாடான பொருள். ஊருணியும் கடலும் அருகருகே இருக்கும் நம் கரையில் இரண்டு சத்துமே கணக்கில் வரும்.

மண்ணில் விழுந்தால் ஒன்று, தாரில் விழுந்தால் ஒன்று

அப்படியென்றால் மரம்தான் குற்றவாளியா? இந்தக் கேள்வி வரும் என்று தெரியும், பதிலையும் உடனே சொல்லிவிடுகிறேன். ராமநாதபுரம் மாவட்டத்தில் நிழல் தரும் மரம் ஒவ்வொன்றும் பொக்கிஷம். சருகு விழுகிறது என்று ஒரு கிளையை வெட்டுவதைக்கூட என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது. மரம் மழைத்துளியின் வேகத்தை உடைக்கிறது, நீரை மண்ணுக்குள் இறக்குகிறது, வேரால் சத்தை உறிஞ்சுகிறது. கோளாறு, இலை விழும் தரையில் இருக்கிறது.

தென்னந்தோப்பில் ஒரு பூவரச இலை விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கறையான் ஒரு பக்கம் அரிக்கும், பூஞ்சை ஒரு பக்கம் படரும், மண்புழு இழுத்துக்கொண்டு போகும். மழை பெய்து சத்து கரைந்தாலும் அது நேரே இறங்குவது மண்ணுக்குள்தான். மணிச்சத்தைக் களிமண் துகள்கள் பிடித்து வைத்துக்கொள்ளும். மிச்சத்தை வேர்கள் வாங்கிக்கொள்ளும். மாதக்கணக்கில் நடக்கும் கொடுக்கல் வாங்கல் இது. என் இரண்டு பாட்டில் நீரையும் முருங்கையின் தூரில்தான் ஊற்றினேன். அங்கே அது எந்தத் தீங்கும் செய்யாது.

அதே இலை தார்ச்சாலையில் விழட்டும். ஆட்டோவும் பஸ்ஸும் ஏறி ஏறி அதைப் பொடியாக்குகின்றன. நொறுங்கிய சருகு எவ்வளவு வேகமாகச் சாயம் விட்டது என்று பாட்டிலில் பார்த்தோமே, அந்த வேலையை இங்கே டயர்கள் செய்து முடித்துவிடுகின்றன. சாலையோ ஓரத்துக்குச் சாய்வாகப் போடப்பட்டிருக்கிறது. ஓரத்தில் சிமெண்ட் வாறுகால். மழை பெய்த சில நிமிடங்களில் ஊறல் நீர் புறப்பட்டுவிடும். வழியில் அதைப் பிடித்து நிறுத்த ஒரு கைப்பிடி மண்கூட இல்லை.

நீரிலேயே இலை விழும் இடத்தையும் நம் மாவட்டத்தில் பார்க்கலாம். காரங்காட்டு அலையாத்திக் காட்டில் படகில் போனால் பழுத்த இலைகள் காயலில் மிதந்துகொண்டே இருக்கும். அந்த நீர் கெடவில்லை. நண்டுகள் இலையை வளைக்குள் இழுத்துத் தின்கின்றன, சேறு சத்தைப் பிடித்துக்கொள்கிறது, ஓதம் ஏறி இறங்கி நீரை மாற்றுகிறது. அந்த மரங்களும் அந்த உயிர்களும் ஒன்றுக்கொன்று பழகியவை. எங்கள் தெரு வாறுகாலில் நண்டும் இல்லை, ஓதமும் இல்லை.

பழுத்த இலையும் பச்சை இலையும்

பழுத்த ஓலையைப் பார்த்துக் குருத்தோலை சிரித்ததாம் என்று நாம் சொல்வோம். தாவரவியல்படி பார்த்தால் குருத்தோலை சிரிக்கக் கூடாது. இலையை உதிர்ப்பதற்கு முன் மரம் அதிலிருக்கும் தழைச்சத்திலும் மணிச்சத்திலும் சராசரியாகப் பாதி அளவுக்குத் தனக்குள் திருப்பி எடுத்துக்கொள்கிறது. இலை பழுப்பதே அந்தக் காலிசெய்யும் வேலையின் அடையாளம். பழையது விட்டுக்கொடுத்ததை வைத்துத்தான் புதியது துளிர்க்கிறது.

ஆகவே தானாகப் பழுத்து விழுந்த சருகைவிட, காற்றடித்துப் பிய்ந்து விழும் பச்சைத் தழையில் சத்து அதிகம். நம் கரைக்கு இது முக்கியமான செய்தி. குளிர் நாடுகளில் இலையுதிர் காலமும் மழையும் ஒன்றாக வந்துவிடுகின்றன. இங்கே வேம்பு மாசி பங்குனியில் உதிர்க்கிறது. வாதாம் ஆண்டுக்கு இரண்டு தடவை சிவந்து கொட்டுகிறது. சித்திரையில் வேப்பம்பூ தெருவெல்லாம் வெள்ளையாக விரித்துக் கிடக்கும், ஆனி ஆடியில் பழம் விழும். பூவும் விதையும் மகரந்தமும் இலையைவிடச் சத்துச் செறிந்தவை. இவையெல்லாம் தெருவோரத்தில் சேர்ந்து, உடைந்து, புழுதியோடு கலந்து ஐப்பசி வரை காத்திருக்கின்றன. மாவட்டத்தின் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் பெய்கிறது. பல மாதச் சேமிப்பின் மேல் முதல் மழை விழுகிறது, அதே மழையின் காற்று புதிதாகப் பச்சைத் தழையையும் பிய்த்துப் போடுகிறது.

அந்த மழையும் சாதாரணமாக இருப்பதில்லை. 2024 நவம்பர் 20ஆம் தேதியை ஒட்டி ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அப்படிப் பெய்யும்போது தெருவில் இருப்பதெல்லாம் ஒரே மூச்சில் கடலுக்குப் போய்விடும். மொட்டை மாடி நீரைப் பிடிப்பவர்களுக்கு இந்தப் பாடம் தெரியும். 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானதிலிருந்து முதல் மழையை வெளியே விட்டு, அடுத்த மழையைத்தான் தொட்டிக்குத் திருப்புகிறோம். முதல் மழை மாடியைக் கழுவுகிறது. தெருவையும் அதுதான் கழுவுகிறது, ஆனால் அந்த நீரைத் திருப்பிவிட அங்கே குழாய் எதுவும் இல்லை.

சீமைக் கருவேலத்தையும் தூங்குமூஞ்சியையும் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. இரண்டும் அவரைக் குடும்பம், இலையில் தழைச்சத்து கூடுதல். தூளாக உதிரும் அவற்றின் சிற்றிலைகள் விளக்குமாற்று ஈர்க்குகளுக்கு நடுவே நழுவிவிடும், வாறுகால் கம்பி வலைக்குள்ளும் புகுந்துவிடும். கண்ணில் பெரிதாகப் படும் வாதாம் இலையை அள்ளிவிட்டு இவற்றை விட்டுவிடுகிறோம்.

பெருக்கினால் எவ்வளவு குறையும்?

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மேடிசன் என்ற ஏரி நகரம் இருக்கிறது. அங்கே அந்நாட்டு நிலவியல் ஆய்வுத் துறை, மரங்கள் அடர்ந்த குடியிருப்புப் பகுதிகளை எடுத்துக்கொண்டு ஒப்பிட்டது. ஒன்றில் இலையுதிர் காலத்தில் தெருச் சருகை வாரந்தோறும், குறிப்பாக ஒவ்வொரு மழைக்கு முன்பும், முற்றாக அகற்றினார்கள். இன்னொன்றை அப்படியே விட்டார்கள். 2016இல் வெளியான முடிவின்படி, அகற்றிய பகுதியின் மழைநீரில் அந்தப் பருவத்து மொத்த மணிச்சத்து 84 சதவீதமும் மொத்தத் தழைச்சத்து 74 சதவீதமும் குறைந்திருந்தன. அகற்றாத பகுதியில், பனிக்காலம் நீங்கலாக ஆண்டு முழுவதும் வெளியேறிய மணிச்சத்தில் 56 சதவீதம் இலையுதிர் காலத்திலேயே போனது. அகற்றிய பகுதியில் அது 16 சதவீதம்தான்.

இந்த ஆய்வில் என்னை நிறுத்திவைத்த எண் வேறொன்று. கரைந்த நிலையில் உள்ள மணிச்சத்தும் 83 சதவீதம் குறைந்தது. கரையாமல் மண்ணோடு வருவதை ஒரு தொட்டியில் தேக்கினால் அடியில் படிந்துவிடும். கரைந்து வருவதை எந்தத் தொட்டியும் பிடிக்காது, நேரே கடந்து போய்விடும். அதைத் தடுக்க ஒரே இடம், இலை நனைவதற்கு முந்திய தெரு.

இந்த எண்களை அப்படியே எடுத்து ராமநாதபுரத்துக்கோ ராமேஸ்வரத்துக்கோ ஒட்டக் கூடாது. மேடிசனில் கழிவுநீருக்குத் தனிக் குழாய், மழைநீருக்குத் தனிக் குழாய். அதனால் அங்கே இலையின் பங்கு பளிச்சென்று தெரிகிறது. நம் ஊர்களில் மழைநீர் வாறுகாலிலேயே குளியலறை நீரும் பாத்திரம் கழுவிய நீரும் பல இடங்களில் கழிப்பறைத் தொட்டியின் கசிவும் ஓடுகின்றன. மீன் இறங்கும் தளங்களின் கழிவும் வயலின் உரமும் இருக்கின்றன. சாக்கடை கலப்பதை நிறுத்தாமல் சருகை மட்டும் பெருக்கினால் போதும் என்று நான் சொன்னால் அது தவறான வழிகாட்டல். இரண்டும் தேவை. ஆனால் சாக்கடைக்குத் தனிக் குழாய் போட வருடங்களும் கோடிகளும் ஆகும், சருகை அள்ள நாளைக் காலையே போதும்.

சருகு என்று சொல்லிக்கொண்டே வந்தேன். தெருவின் மற்ற மட்கும் பொருள்களுக்கும் இதே கணக்குதான். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் அக்னி தீர்த்தக் கரையில் சேரும் பூமாலைகள், சாப்பாட்டுக் கடைகளுக்குப் பின்னால் குவியும் எச்சில் வாழை இலைகள், மாட்டுச்சாணம், ஆட்டுப் புழுக்கை எல்லாம் ஊறினால் சத்தைத்தான் விடும். ஆடு சருகைத் தின்றுவிடுகிறதே என்று ஆறுதல் கொள்வோரும் உண்டு. தின்றது புழுக்கையாகத் தெருவிலேயே விழுந்தால் சத்து இடம் மாறவில்லை, இன்னும் எளிதாகக் கரையும் உருவத்துக்கு வந்திருக்கிறது.

வாறுகாலின் திருப்பத்தில்

எங்கள் தெரு வாறுகால் பெரிய தெருவோடு சேரும் இடத்தில் ஒரு திருப்பம். முதல் மழைக்கு நான்கு நாள் கழித்து அங்கே தூய்மைப் பணியாளர் ஒருவர் மண்வெட்டியால் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். அள்ளியது அடுக்கடுக்காக இருந்தது. மேலே இன்னும் முழுதாக இருந்த வாதாம் இலைகள். அதன் கீழே சதை கரைந்து நரம்பு மட்டும் மிஞ்சிய அரச இலைகள், சிறுபிள்ளைகள் புத்தகத்துக்குள் வைப்பார்களே, அதுபோல. அதற்கும் கீழே எதுவென்று பிரித்தறிய முடியாத கறுப்புக் கூழ். மண்வெட்டி அதைத் தொட்டபோது குமிழிகள் எழுந்து அழுகிய முட்டையின் நாற்றம் அடித்தது.

"அக்கா, இதை மழைக்கு முன்னாலேயே எடுத்திருந்தால்?" என்று கேட்டேன்.

"எடுத்திருந்தால் எனக்கு இடுப்பு நோகாது தம்பி. காய்ந்த சருகு ஒரு கூடை, நனைந்தால் மூன்று கூடைக் கனம். ஆனால் ஓரத்துக் குப்பையை வாறுகாலுக்குள் தள்ளிவிடுவது தெருக்காரர்கள்தானே?"

அவர் சொன்னது அப்பட்டமான உண்மை. நடுச்சாலை சுத்தமாக இருந்தால் நமக்குத் திருப்தி. வாசலைப் பெருக்கிக் குப்பையை வாறுகால் மூடியின் இடுக்கில் தள்ளிவிடும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. எங்கள் வீட்டிலும் இருந்தது.

அந்தக் குமிழியும் நாற்றமும் ஆக்சிஜன் தீர்ந்துபோனதன் அடையாளம். நுண்ணுயிர்கள் இலையைத் தின்னும்போது நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொள்கின்றன. ஆக்சிஜன் தீர்ந்தபின், ஆக்சிஜன் இல்லாமல் வாழும் கூட்டம் வேலையை எடுத்துக்கொள்கிறது. நாற்றம் அவற்றுடையது. இன்னொன்றும் நடக்கிறது. சேற்றில் உள்ள இரும்பு மணிச்சத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஆக்சிஜன் இல்லாத நிலையில் அந்தப் பிடி நழுவி, பழைய மழைகளில் சேர்ந்ததும் நீருக்குள் திரும்புகிறது. வண்டல் தொட்டி கட்டிவிட்டுத் தூர் எடுக்காமல் விட்டால் அது ஒரு ஊறல் பானையாக மாறிவிடும்.

ஊருணிக்கு வந்த சத்தைப் பாசி முதலில் எடுத்துக்கொள்கிறது. நீர் பச்சையாகி, வெயில் அடிவரை இறங்குவது நின்றுபோகிறது. பகலில் பாசி ஆக்சிஜனைக் கொடுக்கும், இரவில் அதுவே எடுத்துக்கொள்ளும். அதனால்தான் பச்சைக் குளங்களில் விடியற்காலையில் மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு மேலே நிற்கின்றன. பாசி மடிந்து அழுகும்போது மிச்சமும் போகிறது. நீலப்பச்சைப் பாசிகளில் சில நஞ்சையும் உண்டாக்கும். சத்து மிகுந்து நீர் கெடும் இந்த நிகழ்வை அறிவியல் தமிழில் மிகையூட்டம் என்று எழுதுகிறார்கள்.

கடலில் ஆக்சிஜன் தீர்ந்தால் என்ன நடக்கும் என்பதை மண்டபத்துக்காரர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். 2019 செப்டம்பர், அக்டோபரில் மன்னார் வளைகுடாவின் சிங்கில் தீவைச் சுற்றி, மீனவர்கள் பூங்கோரை என்று அழைக்கும் நாக்டிலூகா என்ற நுண்ணுயிர் பெருகிக் கடல் பச்சையானது. நீரின் ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே போனது. பவளங்களும் பவளப்பாறையை ஒட்டி வாழும் உயிர்களும் மடிந்தன. அதற்குத் தெருச் சருகு காரணம் என்று நான் சொல்லவில்லை. கடல் நீரோட்டமும் பருவமும் சேர்ந்து ஆடும் ஆட்டம் அது. 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட 21 தீவுகளின் கடல், கரையிலிருந்து போகும் கூடுதல் சத்தை எவ்வளவு தாங்கும் என்று சோதித்துப் பார்க்கும் இடமல்ல என்பதைச் சொல்லத்தான் இதை நினைவுபடுத்துகிறேன். பாக் நீரிணைப் பக்கமும் இதே நிலைமைதான். ஆழமில்லாத அந்தக் கடலில் கடற்புல் வெயிலை நம்பி வாழ்கிறது. சத்து கூடினால் அதன் தாள்கள் மேல் ஒட்டுப்பாசி படர்ந்து வெயிலை மறைக்கும். கடல்பசுவுக்கு அந்தப் புல்தான் சாப்பாடு.

இங்கே ஒரு எச்சரிக்கை. கரையொதுங்கிக் கிடக்கும் கடற்புல் குவியலை, இதுவும் குப்பைதானே என்று அள்ளவோ எரிக்கவோ வேண்டாம். அது கடலிலிருந்து வந்தது, கடலுக்கே திரும்பும். மணலை அரிப்பிலிருந்து காக்கிறது, சிறு நண்டுகளுக்கும் பூச்சிகளுக்கும் இரையாகிறது. அதில் சிக்கிக் கிடக்கும் பிளாஸ்டிக்கையும் வலைத்துண்டுகளையும் மட்டும் எடுத்தால் போதும்.

முன்பும் இலை விழுந்தது, ஊருணி கெடவில்லை

ஊருணிக் கரையில் அரசும் வேம்பும் அன்றும் நின்றன. இலையும் விழுந்தது. நீர் குடிக்கும்படி இருந்ததற்குப் பல காரணங்கள். வரத்துக்கால் மண்ணாலும் புல்லாலும் ஆனது, வழியிலேயே பாதியைப் பிடித்துக்கொள்ளும். ஊருணிக்குள் கால் வைக்கவும் துணி துவைக்கவும் ஊர் தடை போட்டிருந்தது. எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் படுவது கரம்பை அள்ளும் வழக்கம். கோடையில் நீர் வற்றியதும் வண்டி கட்டிக்கொண்டு வந்து அடியில் படிந்த வண்டலை வெட்டி வயலுக்கு அடித்தார்கள். ஆண்டு முழுவதும் நீரில் சேர்ந்த மணிச்சத்து அந்த வண்டலில்தான் இருந்தது. நீர்நிலை இளைப்பாறியது, வயல் கொழுத்தது. உர மூட்டை வந்தபின் கரம்பை தேவைப்படவில்லை, தூர் எடுப்பது நின்றது, வாறுகால் சிமெண்ட் ஆனது. கண்மாய் வண்டலை உழவர்கள் எடுத்துக்கொள்ள அரசு இன்றும் அனுமதி தருகிறது. அதைக் கேட்டு வாங்கும் ஊர்கள் பெருக வேண்டும்.

வீட்டளவில் செய்ய வேண்டியது எளிது. பெருக்குங்கள், ஓரத்தைப் பெருக்குங்கள். வானம் இருட்டும்போது பெருக்குங்கள். புரட்டாசிக் கடைசியில் ஒரு முறை தெருவே சேர்ந்து வாறுகால் ஓரத்தை முழுதாக அள்ளிவிட்டால், முதல் மழைக்குக் கிடைக்கும் சேமிப்பு காலியாகிவிடும். தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டாம். அது மழை செய்யும் கெடுதலை நாமே முன்கூட்டிச் செய்வது.

அள்ளியதை எரிக்காதீர்கள். பங்குனியில் தெருவுக்குத் தெரு புகையும் சருகுக் குவியலைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு பதறும். தழைச்சத்து புகையோடு போகும், மணிச்சத்து சாம்பலில் தங்கிவிடும். சாம்பல் லேசானது. அடுத்த மழையில் சருகைவிட வேகமாக வாறுகாலுக்குள் ஓடும். எரித்ததில் குவியல்தான் சிறுத்தது.

சருகைத் தென்னை, வாழை, முருங்கைப் பாத்தியில் மூடாக்காகப் பரப்பலாம். இந்த வெயிலில் மண்ணின் ஈரம் காக்க அதைவிட மலிவான வழி கிடையாது. இடமில்லாதவர்கள் கோணிப்பையில் கட்டித் தூய்மைப் பணியாளரிடம் தனியாகக் கொடுக்கலாம், பிளாஸ்டிக் கலக்காமல் கொடுத்தால் அது உரக்கூடத்துக்குப் போகும். இடமுள்ளவர்கள் எருக்குழி வெட்டலாம். ராமேஸ்வரம் தீவிலும் மண்டபத்திலும் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இங்கே மணல்தரை, ஊற்றுநீர் சில அடி ஆழத்திலேயே இருக்கிறது. மணலுக்குச் சத்தைப் பிடித்து வைக்கும் வலு குறைவு. மட்கிய குப்பையின் தழைச்சத்து நைட்ரேட்டாகிச் சுலபமாகக் கீழே இறங்கும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். ஆகவே எருக்குழியைக் கிணற்றை விட்டுத் தள்ளி, நிலத்தடி நீர் கிணற்றைத் தாண்டி ஓடிப்போகும் பக்கமாக வெட்டுங்கள். அடியில் நாலு கூடைக் கரம்பையை மெத்தி, மழைக்காலத்தில் மேலே தென்னங்கீற்றால் மூடிவையுங்கள்.